தீர்ப்பைப் பெண்ணியப் பார்வையில் படிப்பதும் மாற்றி எழுதுவதும்: மதுரை வாசிப்பு வட்டங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு வழக்கில் எந்தச் சட்டப்பிரிவு பொருந்தும் என்று முடிவு செய்வதற்கு முன்பே, நடந்தது என்ன என்பதை நீதிபதி எழுதியாக வேண்டியிருக்கிறது. யார் சொன்னது நம்பத்தக்கது, எது இயல்பான நடத்தை, எது சந்தேகத்துக்குரியது என்பவையெல்லாம் பெரும்பாலும் அந்த விவரிப்பிலேயே தீர்ந்துவிடுகின்றன. அதற்குப் பின் வரும் சட்ட விளக்கம் ஏற்கெனவே போடப்பட்ட பாதையில் நடக்கிறது. சட்டத்தைப் பெண்ணியப் பார்வையில் படிப்பது என்று நான் இங்கே சொல்வது, அந்த விவரிப்பில் நின்று நிதானித்துப் படிப்பதைத்தான். சாட்சியத்திலிருந்து வந்த வாக்கியம் எது, நீதிபதியின் சொந்த உலக அனுபவத்திலிருந்து வந்த வாக்கியம் எது என்று பிரித்தறியப் பழகிவிட்டால், நீதிபதி இருக்கையில் யார் அமர்கிறார்கள் என்ற கேள்வி ஏன் இத்தனை கனமானது என்பதும் விளங்கிவிடும்.

இப்படிப் படிப்பதோடு நில்லாமல் தீர்ப்பை மாற்றி எழுதிப் பார்க்கும் பழக்கம் கனடாவில் தொடங்கியது. அங்குள்ள பெண்ணியச் சட்ட அறிஞர்கள் தங்கள் உச்ச நீதிமன்றத்தின் சமத்துவத் தீர்ப்புகளை, அதே சட்டத்தையும் அதே சாட்சியத்தையும் வைத்துக்கொண்டு வேறு விதமாக எழுதி 2008-இல் வெளியிட்டார்கள். பிறகு இங்கிலாந்திலும் இந்தியாவிலும் அதே முயற்சி நடந்தது. சட்டம் படித்தவர்களுக்கு மட்டும் உரியது என்று இதை ஒதுக்க வேண்டியதில்லை. மாவட்ட நீதிமன்றம், மகளிர் நீதிமன்றம், குடும்ப நல நீதிமன்றம், அரசு சட்டக் கல்லூரி, 2004 ஜூலை 24 முதல் ஒத்தக்கடை அருகே யானைமலையைப் பார்த்தபடி இயங்கும் உயர் நீதிமன்றக் கிளை என எல்லாமே ஒரு நகரப் பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கும் மதுரையில், ஆறேழு பேர் கூடி இதைச் செய்ய முடியும்.

வட்டத்தைக் கூட்டுவது

வட்டத்தில் ஒரு வழக்கறிஞராவது இருப்பது நல்லது. எல்லோரும் வழக்கறிஞர்களாக இருப்பது நல்லதன்று. சட்டம் பயில்கிறவர்கள் விரைவாகச் சட்டப்பிரிவுக்குத் தாவிவிடுவார்கள். ஒரு செவிலியர், ஒரு பள்ளி ஆசிரியர், மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதுகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர் ஆகியோர் அமர்ந்திருந்தால், "இப்படி நடக்காதே" என்றோ "எங்கள் வீட்டில் இப்படித்தான் நடந்தது" என்றோ அவர்கள் சொல்லும் இடத்தில்தான் தீர்ப்பின் தையல் பிரிந்து தெரியும். ஆண்களையும் அழையுங்கள். ஒரே சாதி, ஒரே தெரு, ஒரே படிப்பு கொண்டவர்களாக வட்டம் அமைந்துவிட்டால், எந்தக் குறையைத் தீர்ப்பில் தேடுகிறோமோ அதே குறை வட்டத்திலேயே குடியேறிவிடும்.

இறுதியாக முடிந்துபோன வழக்குகளை மட்டும் எடுங்கள். நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றிப் பேசுவது வழக்காடுகிறவர்களுக்குத் தீங்காக முடியலாம். விசாரித்து முடிந்த வழக்கின் தீர்ப்பை நேர்மையாக விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்று 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. தீர்ப்பின் காரணங்களைப் பேசுங்கள். நீதிபதியின் உள்நோக்கத்தைப் பேசாதீர்கள். பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்பதால், பெயர், ஊர், பள்ளி, உறவினர் பெயர் என அடையாளம் காட்டக்கூடிய எதுவும் உங்கள் குறிப்பேட்டில் கூட இருக்கக் கூடாது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், அந்நீதிமன்றத்தின் இணையத் தீர்ப்புத் தொகுப்பான இ-எஸ்சிஆர் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. உயர் நீதிமன்றத் தீர்ப்புகளையும் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புகளையும் இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடலாம். தொடக்கத்தில் மேல் நீதிமன்றத் தீர்ப்பை விடக் கீழ் நீதிமன்றத் தீர்ப்பே பயிற்சிக்கு ஏற்றது என்பது என் கருத்து, ஏனென்றால் சாட்சிகள் நேரில் நின்று பேசியது அங்கேதான். தமிழில் எழுதப்பட்ட தீர்ப்புகளும் அங்கேதான் கிடைக்கும்.

வாலிலிருந்து படியுங்கள்

விசாரணை நீதிமன்றத் தீர்ப்பின் கடைசியில் சாட்சிகளின் பட்டியலும் சான்றாவணங்களின் பட்டியலும் இருக்கும். பலர் அதைப் புரட்டிக் கூடப் பார்ப்பதில்லை. நீங்கள் அங்கிருந்து தொடங்குங்கள். அ.சா.1, அ.சா.2 (அரசுத் தரப்பு சாட்சிகள்) என்று வரிசையாக வருகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர், அவர்கள் எதைச் சொல்ல அழைக்கப்பட்டார்கள், சம்பவத்தைப் பார்த்திருக்கக்கூடியவர் யாராவது அழைக்கப்படாமலே விடப்பட்டாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு தீர்ப்பின் உடலுக்குள் போய், பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு ஆவணமும் எங்கே பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். தாக்கல் செய்யப்பட்டும் ஒரு வரி கூடப் பேசப்படாத ஆவணம் ஏதாவது இருந்தால், உங்கள் மாற்றுத் தீர்ப்பு பெரும்பாலும் அந்த ஆவணத்திலிருந்துதான் பிறக்கும்.

அடுத்ததாக விவரிப்புப் பத்திகளை உரக்க வாசியுங்கள். சாட்சியத்தைச் சுட்டிக்காட்டும் வாக்கியங்களுக்கு ஒரு நிறம், எந்தச் சாட்சியத்தையும் சுட்டாத வாக்கியங்களுக்கு இன்னொரு நிறம் என்று அடிக்கோடிடுங்கள். "இயல்பாக", "சாதாரணமாக", "எந்தக் குடும்பப் பெண்ணும்", "நம்புவதற்கில்லை" போன்ற சொற்கள் வரும் வாக்கியங்கள் பெரும்பாலும் இரண்டாவது நிறத்தில்தான் விழும்.

இரண்டாவது நிறம் எத்தனை தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு மதுரா வழக்கை விட்டால் வேறு பாடம் இல்லை. 1972 மார்ச் மாதம் மகாராஷ்டிராவில் ஒரு காவல் நிலையத்துக்குள் மதுரா என்ற ஆதிவாசிச் சிறுமி காவலர்களால் வன்புணர்வு செய்யப்பட்டதாக வழக்கு. அமர்வு நீதிமன்றம் விடுவித்தது. மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை தண்டித்தது. 1978-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி விடுவித்தது. உடலில் காயம் இல்லை, எதிர்த்துப் போராடிய அடையாளம் இல்லை, ஆகவே அவள் இணங்கியிருக்கிறாள் என்ற வழியில் அந்தத் தீர்ப்பு சென்றது. இரவில், காவல் நிலையத்துக்குள், கதவு சாத்தப்பட்ட நிலையில், சீருடை அணிந்தவர் முன் நிற்கும் ஏழைச் சிறுமி எப்படி நடந்துகொள்வாள் என்பதைப் பற்றி எந்தச் சாட்சியும் நீதிமன்றத்தில் பேசவில்லை. அந்த இடைவெளியை நீதிபதிகள் தங்கள் எண்ணத்தால் நிரப்பினார்கள். 1979-இல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதி, அடங்கிப்போவது வேறு, இணங்குவது வேறு என்ற வேறுபாட்டைத் தீர்ப்பு மறந்துவிட்டதைச் சுட்டிக்காட்டினார்கள். அந்த மடலைத் தொடர்ந்து எழுந்த போராட்டங்கள் 1983-ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தத்துக்கு வழிவகுத்தன.

வட்டத்தின் முதல் பயிற்சியாக இதையே எடுக்கலாம். 1983-இன் திருத்தத்தை மறந்துவிடுங்கள். 1978-இல் கையில் இருந்த சட்டம் எது? அச்சத்தின் பேரில் தரப்படும் இணக்கம் இணக்கமாகாது என்ற இந்திய தண்டனைச் சட்டத்தின் 90-ஆம் பிரிவு அப்போதும் இருந்தது. அடங்கிப்போவதும் இணங்குவதும் ஒன்றல்ல என்று பஞ்சாப் உயர் நீதிமன்றம் அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே சொல்லியிருந்தது. இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்தில் ஒரு மாற்றுக் கருத்தை எழுதுங்கள். சட்டம் போதாமல் அநீதி நடந்ததா, சட்டம் இருந்தும் நடந்ததா என்ற கேள்விக்கு அப்போது விடை கிடைக்கும்.

பெண்ணை உயர்த்திப் பேசும் வாக்கியங்களையும் அதே இரண்டாவது நிறத்தால் அடிக்கோடிடுங்கள். இந்த நாட்டின் மரபில் வளர்ந்த பெண் தன் மானத்தைப் பணயம் வைத்துப் பொய்ப் புகார் சொல்ல மாட்டாள் என்ற வகையில் 1983-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் காரணம் சொன்னது. அந்த வழக்கில் சிறுமிகளுக்கு அதனால் நன்மை விளைந்தது என்பது உண்மைதான். ஆனால் அடுத்த வழக்கில் மரபுக்கு அடங்காதவள் என்று எதிர்த்தரப்பு காட்டிவிடக்கூடிய ஒருத்திக்கு அதே வாக்கியம் கதவடைத்துவிடும்.

எந்தப் பெண் என்று கேட்பது

1990-இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் கேத்தரின் பார்ட்லெட், எந்தச் சட்ட விதியைப் படித்தாலும் இதில் பெண்களின் அனுபவம் விடுபட்டிருக்கிறதா என்று கேட்பதைப் பெண்ணிய முறையின் முதற்படியாக வைத்தார். நம் ஊரில் அந்தக் கேள்வியை அப்படியே எடுத்தால் போதாது. எந்தப் பெண் என்றும் சேர்த்துக் கேட்டாக வேண்டும்.

ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி 1992-இல் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானதாகத் தொடரப்பட்ட வழக்கில், 1995-இல் விசாரணை நீதிமன்றம் எல்லோரையும் வன்புணர்வுக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. மேல்சாதி ஆண்கள் கீழ்சாதிப் பெண்ணைத் தொடமாட்டார்கள் என்பது அதன் காரணங்களில் ஒன்று. தமிழ்நாட்டில் வாழும் நமக்கு இது புதிதாக ஒலிக்காது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்ட வழக்கில், கார் வைத்திருக்கும் அளவுக்கு வசதி படைத்த மிராசுதார்கள் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றம் எழுதியது. ஒன்று பாலியல் வன்முறை, மற்றொன்று படுகொலை. இரண்டிலும் இன்னார் இப்படிச் செய்திருக்க மாட்டார் என்ற எண்ணம் சாட்சியத்தின் இடத்தில் வந்து அமர்ந்துகொண்டது. இவ்விரு தீர்ப்புகளையும் ஒரே அமர்வில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசும்படி நான் வற்புறுத்துவேன், ஏனென்றால் பாலினத்தை மட்டும் தேடுகிறவர் இரண்டாவதைத் தவறவிடுவார், சாதியை மட்டும் தேடுகிறவர் முதலாவதைப் பாதிதான் படிப்பார்.

பணத்தைக் கணக்கிடும் வழக்கில் ஒரு பயிற்சி

பாலியல் குற்ற வழக்குகளோடு நின்றுவிடும் வட்டங்கள் உண்டு. அது பெரிய இழப்பு. பெண்ணின் உழைப்புக்குச் சட்டம் என்ன விலை போடுகிறது என்பது மிக அப்பட்டமாகத் தெரிவது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளில்தான். பயிற்சிக்காக ஒரு கற்பனை வழக்கை இங்கே தருகிறேன்.

திருப்பரங்குன்றம் பக்கத்தில் வசித்த 38 வயதுப் பெண் சாலை விபத்தில் இறந்துவிடுகிறார். கணவரும் இரண்டு பிள்ளைகளும் இழப்பீடு கேட்கிறார்கள். வியாபாரி கொடுக்கும் உதிரி மல்லிகையை வீட்டில் வைத்துக் கட்டிக் கொடுத்துக் கூலி வாங்கியதாகவும், வீட்டையும் படுக்கையில் கிடக்கும் மாமியாரையும் கவனித்துக்கொண்டதாகவும் கணவர் முதல் விசாரணையில் சொல்கிறார். குறுக்கு விசாரணையில், வருமானத்துக்கு ஆவணம் இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். தீர்ப்பாயம் இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: "இறந்தவர் இல்லத்தரசி. அவர் பூக்கட்டி வருமானம் ஈட்டியதற்கு ஆவணச் சான்று ஏதும் இல்லை. எனவே அவருடைய உத்தேச மாத வருமானம் ரூ.8,000 என நிர்ணயிக்கப்படுகிறது."

மூன்றே வாக்கியங்கள். இப்போது வாலுக்குப் போங்கள். சான்றாவணங்களில் மகளிர் சுயஉதவிக் குழுவின் சேமிப்புப் புத்தகம் ஒன்று இருக்கிறது. முகவரிக்கு ஆதாரமாக மட்டும் அது ஏற்கப்பட்டிருக்கிறது. புத்தகத்துக்குள் மாதந்தோறும் தவறாமல் சந்தா கட்டியதும், வாங்கிய கடனைத் தவணை பிசகாமல் அடைத்ததும் பதிவாகியிருக்கின்றன. வருமானம் இல்லாதவர் எதிலிருந்து கட்டினார் என்று தீர்ப்பாயம் கேட்கவேயில்லை. இரண்டாவதாக, படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பற்றிக் குறுக்கு விசாரணையில் ஒரு கேள்வி கூட இல்லை. அப்படியானால் கணவரின் அந்தச் சாட்சியம் மறுக்கப்படாமல் நிற்கிறது. மாற்றுத் தீர்ப்பின் விவரிப்புப் பத்தி இப்படி அமையலாம்: "இறந்தவர் இரண்டு பிள்ளைகளையும் எழ இயலாத முதியவரையும் கொண்ட வீட்டை நடத்தி வந்தார் என்பது மறுக்கப்படவில்லை. அவருடைய பெயரில் உள்ள சேமிப்புப் புத்தகம், மாதந்தோறும் அவர் கையில் பணம் புழங்கியதைக் காட்டுகிறது. உதிரிப்பூவை வீட்டிலிருந்து கட்டிக் கொடுக்கும் தொழிலில் ரசீது கொடுக்கும் வழக்கம் இல்லை. இல்லாத வழக்கத்துக்குச் சான்று கேட்டு அவருடைய உழைப்பை இத்தீர்ப்பாயம் மறுக்காது."

சட்டம் இதற்கு இடம் தருகிறதா என்றால், நன்றாகவே தருகிறது. 2001-இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்களோடும் சிறைக்கைதிகளோடும் ஒரே வகையில் சேர்த்திருந்ததை 2010-இலேயே உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. 2021 ஜனவரியில் அதே நீதிமன்றம், ஊதியமில்லா வீட்டுவேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாக 2019-இன் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு கண்டறிந்ததை எடுத்துக்காட்டி, இல்லத்தரசியின் உத்தேச வருமானத்துக்கும் எதிர்கால உயர்வைச் சேர்க்க வேண்டும் என்று தெளிவாக்கியது. 2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்க வீட்டை நடத்திய மனைவிக்கு அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது.

இனி கணக்கு. ரூ.8,000-உடன் 40 விழுக்காடு எதிர்கால உயர்வைச் சேர்த்து, சார்ந்திருந்தவர்கள் மூவர் எனக் கொண்டு சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, மிஞ்சுவதை 12-ஆல் பெருக்கி ஆண்டுத் தொகையாக்கி, அதை 38 வயதுக்குரிய பெருக்கெண்ணான 15-ஆல் பெருக்கினால், வருமான இழப்பு ரூ.13,44,000 ஆகிறது. பூக்கட்டும் கூலியையும் வீட்டு உழைப்பையும் சேர்த்து மாதம் ரூ.14,000 என்று வைத்தால் அதே கணக்கு ரூ.23,52,000 தருகிறது. இரண்டுக்கும் இடையே ரூ.10,08,000. சட்டப்பிரிவு மாறவில்லை, பெருக்கெண் மாறவில்லை. விவரிப்புப் பத்தி மட்டும் மாறியிருக்கிறது. இந்தக் கணக்கை வட்டத்தில் ஒரு தாளில் எல்லோரும் தம் கையால் போட்டுப் பார்ப்பது அவசியம் என்று கருதுகிறேன். பெண்ணியம் என்றாலே உணர்ச்சிப் பேச்சு என்று ஒதுங்கி நிற்பவர்கள் கூட இந்தத் தாளைக் கண்டபின் பேச்சில் கலந்துகொள்வார்கள்.

எழுதும்போது கட்டுப்பட வேண்டியவை

மாற்றுத் தீர்ப்புக்கு மதிப்புத் தருவது அதன் கட்டுப்பாடுதான். தீர்ப்பு நாளில் நடைமுறையில் இருந்த சட்டத்தைத் தாண்டக் கூடாது. பதிவில் இல்லாத சாட்சியை உருவாக்கக் கூடாது. எதிராக நிற்கும் முன்தீர்ப்பை மறைக்கக் கூடாது. அதை எதிர்கொண்டு, இந்த வழக்கின் விவரங்கள் எங்கே வேறுபடுகின்றன என்று காட்ட வேண்டும். தோற்கும் தரப்பின் வாதத்தை, அவருடைய வழக்கறிஞரே படித்தாலும் குறை சொல்ல முடியாத அளவுக்கு முழுமையாக எழுதிவிட்டுத்தான் மறுக்க வேண்டும். குற்ற வழக்கில் இன்னொரு கவனமும் தேவைப்படுகிறது: ஐயத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே உரியது என்ற கோட்பாட்டைப் பெண்ணியத்தின் பெயரால் தளர்த்தக் கூடாது. சாட்சியம் எழுப்பும் ஐயத்துக்கும் முன்முடிவு எழுப்பும் ஐயத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுவதே நம் வேலை. நேர்மையாக எழுதிப் பார்த்தபின் அதே விடுதலைக்குத்தான் நீங்களும் வந்து சேர்ந்தால், பாதிக்கப்பட்டவரை இழிவுபடுத்தாமல் அந்த விடுதலையை எழுதிக் காட்டுங்கள். அதுவும் பெரிய பணிதான்.

ஆணைகளில் விதிக்கப்படும் நிபந்தனைகளையும் மாற்றி எழுதிப் பழகலாம். பாலியல் தொல்லை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் புகார் கொடுத்த பெண்ணின் வீட்டுக்குப் போய் ராக்கி கட்டிக்கொள்ள வேண்டும் என்று 2020-இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் ஜாமீன் நிபந்தனை விதித்தது. 2021 மார்ச் 18 அன்று அதை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் தவிர்க்க வேண்டிய முன்முடிவுகளைப் பட்டியலிட்டதோடு, இப்படிப்பட்ட வழக்குகளில் சமரசம் பேசச் சொல்வதும் குற்றம் சாட்டப்பட்டவரைப் பெண்ணைச் சந்திக்கச் சொல்வதும் கூடாது என்றது. நம் மாநிலத்திலும் 2015-இல் வன்புணர்வு வழக்கொன்றை உயர் நீதிமன்றம் சமரசத்துக்கு அனுப்பியது. பரவலான எதிர்ப்புக்கும், இத்தகைய குற்றத்தில் சமரசத்துக்கு இடமேயில்லை என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொன்னதற்கும் பிறகு அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. 2021-இன் அந்தப் பட்டியலை அச்செடுத்து ஒவ்வொரு அமர்விலும் மேசை மேல் வைத்திருங்கள்.

இருக்கையில் யார்

சில தீர்ப்புகளைப் படித்து எழுதிய பிறகுதான் நீதிபதிகளின் பன்மையைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு முன் பேசினால் அது வெறும் தலை எண்ணும் பேச்சாக முடிந்துவிடும்.

எண்களும் வேண்டும்தான். 1862-இல் நிறுவப்பட்ட சென்னை உயர் நீதிமன்றத்தில் முதல் பெண் நீதிபதியாக பத்மினி ஜேசுதுரை பொறுப்பேற்றது 1986-இல். இடையே 124 ஆண்டுகள். உச்ச நீதிமன்றத்துக்கு முதல் பெண்ணாக பாத்திமா பீவி வந்தது 1989-இல். தமிழ்நாட்டின் மாவட்ட நீதித்துறையிலிருந்து மேலே சென்ற ஆர். பானுமதி 2014 முதல் 2020 வரை அங்கே இருந்தார். 2021 ஆகஸ்டு மாதம் மூன்று பெண்கள் ஒரே நாளில் பதவியேற்றபோது, 1950-இலிருந்து அங்கு அமர்ந்த பெண்களின் எண்ணிக்கை 11-ஐ எட்டியது.

இதன் காரணம் நியமன வழிகளில் இருக்கிறது. சிவில் நீதிபதி பதவிக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் எழுத்துத் தேர்வு நடத்துகிறது, இடஒதுக்கீடும் உண்டு. மலையாளி பழங்குடியைச் சேர்ந்த ஸ்ரீபதி, குழந்தை பிறந்த சில நாட்களிலேயே தேர்வு எழுதி, 23 வயதில் நீதிபதியாகத் தேர்வானது அந்த வழியில்தான். உயர் நீதிமன்றத்துக்கோ தேர்வும் இல்லை, ஒதுக்கீடும் இல்லை. பத்தாண்டு வழக்கறிஞர் அனுபவமோ நீதித்துறைப் பணியோ உள்ளவர்களிலிருந்து மூத்த நீதிபதிகளின் குழு பரிந்துரைக்கிறது. அவர்களின் கண்ணில் படுவதற்குப் பெரிய வழக்குகளில் தோன்ற வேண்டும். பெரிய வழக்கு கிடைக்க மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் இடம் வேண்டும். மாலையில் அந்த அலுவலகத்தில் அமரும் நேரத்தில்தான் வீட்டில் அடுப்பும் பிள்ளைகளின் படிப்பும் காத்திருக்கின்றன. மேலே சொன்ன 299 நிமிடங்கள் இங்கேயும் வந்து நிற்கின்றன.

பெண் நீதிபதி வேறு விதமாகத் தீர்ப்பளிப்பாரா? கனடா உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி பெர்த்தா வில்சன் 1990-இல் இந்தக் கேள்வியை வெளிப்படையாக எழுப்பி, ஒப்பந்தம் போன்ற பல துறைகளில் வேறுபாடு இராது, சில துறைகளில் சட்டமே ஆணின் அனுபவத்தை அளவுகோலாகக் கொண்டிருக்கிறது, அங்கே வேறுபாடு வரும் என்ற வகையில் விடை சொன்னார். அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்களை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வும் ஏறக்குறைய அதையே கண்டது: 13 துறைகளைப் பார்த்ததில், பணியிடப் பாலினப் பாகுபாடு தொடர்பான வழக்குகளில் மட்டுமே தெளிவான வேறுபாடு தென்பட்டது, அந்த வழக்குகளில், அமர்வில் ஒரு பெண் உடன் இருந்தபோது ஆண் நீதிபதிகளின் வாக்கும் மாறியது. பெண்கள் மென்மையானவர்கள், ஆகவே நல்ல நீதிபதிகள் ஆவார்கள் என்ற பேச்சை வட்டத்துக்குள் விடாதீர்கள். அது நாம் இரண்டாவது நிறத்தால் அடிக்கோடிட்ட வாக்கியத்தின் உடன்பிறப்பு.

மதுரையோடு தொடர்புடைய தீர்ப்புகளே இதைச் சிந்திக்கப் போதுமானவை. 2019 ஏப்ரல் 22 அன்று, இந்துத் திருமணச் சட்டம் மணமகள் என்று குறிப்பிடுவது திருநங்கையையும் உள்ளடக்கும் என்று அறிவித்து, தூத்துக்குடியில் நடந்த திருமணம் ஒன்றைப் பதிவு செய்ய உத்தரவிட்டது மதுரைக் கிளைதான். இடைப்பாலினப் பச்சிளங்குழந்தைகளுக்குப் பாலினத்தை நிர்ணயிக்கும் அறுவைச் சிகிச்சை செய்வதைத் தடுக்க அரசாணை வந்ததும் அதன் விளைவே. 2022 ஏப்ரலில், பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்குச் செய்யப்படும் இருவிரல் பரிசோதனையைத் தடை செய்ய அரசுக்கு உத்தரவிட்டதும் இதே கிளை. மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பிச் சென்ற இரு பெண்கள் இணையராக வாழப் பாதுகாப்புக் கேட்ட வழக்கில், 2021 ஜூன் மாதம், சென்னையில் வழக்கை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தானே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்து, தன் முன்முடிவுகளைத் தான் உடைக்க வேண்டியிருந்ததைத் தீர்ப்பிலேயே எழுதினார். இந்த மூன்றையும் எழுதியவர்கள் ஆண்கள். ஆண்களால் இயலும் என்பதற்கு இவை சான்று. ஆனால் தனிப்பட்ட நீதிபதி ஒருவர் கற்றுக்கொள்ள முன்வருவாரா மாட்டாரா என்ற தற்செயலை நம்பி ஒரு பெண்ணோ திருநங்கையோ நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது என்பதற்கும் இவையே சான்று. பன்மை வேண்டும் என்ற வாதத்தை அந்தத் தற்செயலைக் குறைக்கும் ஏற்பாடாக நான் பார்க்கிறேன்.

இதையும் கையால் செய்து பாருங்கள். உயர் நீதிமன்ற இணையதளத்தில் நாள்தோறும் வெளியாகும் வழக்குப் பட்டியலை ஒரு மாதத்துக்குச் சேர்த்து வையுங்கள். எந்த நீதிபதி எவ்வகை வழக்கை விசாரிப்பார் என்பதைத் தலைமை நீதிபதி ஒதுக்குகிறார் என்பதால், பெண் நீதிபதிகளிடம் எவ்வகை வழக்குகள் வருகின்றன, இரு நீதிபதி அமர்வுகளில் எத்தனை அமர்வில் ஒரு பெண் இருக்கிறார் என்று அட்டவணையிடலாம். அடையாள அட்டையோடு போய்த் திறந்த நீதிமன்றத்தில் அரை நாள் அமர்ந்து, வாதாட எழுந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர், அவர்கள் முழு வாதம் செய்தார்களா, வாய்தா கேட்க மட்டும் எழுந்தார்களா என்றும் எழுதிக்கொள்ளுங்கள். வன்புணர்வு, போக்சோ (குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம்) வழக்குகளின் விசாரணை மூடிய அறையில் நடப்பதால் அங்கே செல்ல முயல வேண்டாம்.

தொடரும் அமர்வுகளுக்கு

எழுதி முடித்த மாற்றுத் தீர்ப்பை அதனோடு உடன்படாத ஒருவரிடம் கொடுத்து, மேல்முறையீட்டு மனுவாக எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் கண்டுபிடிக்கும் ஓட்டைகளை அடைத்த பிறகே அதைப் பிறருக்குக் காட்டுங்கள். மாவட்ட நீதிமன்ற வழக்காக இருந்தால் தரப்பினரின் பெயர்களை முற்றிலும் நீக்கிவிடுங்கள்.

அடுத்து எடுக்க வேண்டியது பாகப்பிரிவினை வழக்குகள் என்று பரிந்துரைப்பேன். பரம்பரைச் சொத்தில் மகள்களுக்குப் பிறப்புரிமை தந்த தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25-க்கு முன் மணமான மகள்களை விலக்கியது. அதனால் ஒரே வீட்டில் பங்கு பெற்ற தங்கையும் பங்கு பெறாத அக்காவும் இருந்தார்கள். 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை அகற்றியது. தந்தை அந்த நாளில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக முடிந்துபோன பிரிவினைகள் செல்லும். எனவே தீர்ப்பை எடுத்தவுடன் இந்த நான்கு தேதிகளையும் ஒரு கோட்டில் வரைந்து, ஒவ்வொரு சகோதரியின் திருமண நாளையும் அதில் குறியுங்கள். பிறகு, சொத்தில் தம் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்துக்கு வாருங்கள். சகோதரிகள் அதில் கையெழுத்திட்ட நாள் எது, அன்று வீட்டில் என்ன நிகழ்வு நடந்தது, கைம்மாறு என்று என்ன தொகை எழுதப்பட்டிருக்கிறது, அது கைக்கு வந்ததைப் பற்றி யாராவது கேட்டார்களா, பத்திரத்தை அவர்களுக்குப் படித்துக்காட்டியது யார், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் யாருடைய உறவினர் என்று குறுக்கு விசாரணைப் பகுதியில் வரி வரியாகத் தேடுங்கள். "சகோதரிகள் மனமுவந்து விட்டுக்கொடுத்தார்கள்" என்ற வாக்கியம் தீர்ப்பில் வந்தால், அதற்கு எந்த நிறம் என்று வட்டத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தாளில் எழுதிய பின்பே பேச்சைத் தொடங்குங்கள்.